நாக்கில் ஒட்டிய சோப்பு

அத்தியாயம் 3

"நாலு மணிக்குக் கார் வந்துரும்," என்றாள் வீட்டுக்காரம்மா, கதவைத் திறந்த கையோடு. "அதுக்குள்ள யார் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. இல்லேன்னா என் வீட்டுக்காரர் வேலையை விட்டுருவார், என் தம்பி இந்த வீட்டையே விட்டுருவான்."

குண்டூசி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சரியாக இரண்டு மணி.

"இன்னும் ரெண்டு மணி நேரம் முழுசா இருக்கேம்மா. கொலைகாரனையே பிடிச்சுக் கையில கொடுத்துடலாம். செத்தது யாரு?"

"யாரும் சாகல. டீல சோப்பு ருசிக்குது."

'கொலை' என்று எழுத எடுத்த பேனாவைக் குண்டூசி திரும்பச் சட்டைப் பையில் செருகினான். பக்கத்தில் நின்ற சல்லடை மேடம் அதை ரசித்தபடி செருப்பைக் கழற்றினார்.

சல்லடை என்பது பட்டப்பெயர். எவ்வளவு பெரிய பொய்யைக் கொட்டினாலும் சலித்து, கல்லைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார் என்று ஊரில் பேச்சு. வயது ஐம்பத்திரண்டு. பேச்சு குறைவு, பார்வை அதிகம். குண்டூசி நேர் எதிர். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. துப்பறிய வருமுன் பத்து வருஷம் வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் கழுவும் மிஷினும் துணி துவைக்கும் மிஷினும் பழுது பார்த்தவன். வேலையில் சுத்தம். வாயைத்தான் கம்பெனியால் பழுது பார்க்க முடியவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

கூடத்தில் பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. சட்டைப் பையில் ஒரு கவர் எட்டிப் பார்த்தது. மடியில் நீளமான ஒரு பெட்டி. முகத்தைப் பார்த்தால் யாரோ நெருங்கிய சொந்தத்தைப் பறிகொடுத்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். பறிகொடுத்தது தன் நாக்கையே என்பது அவர் கட்சி.

மனிதர் தேயிலை ருசி பார்ப்பவர். அதுதான் உத்தியோகம். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. ஒரு வாய் உறிஞ்சித் துப்பினால் போதும், இலை பறித்த அன்று மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். அவர் சரி என்றால் சரக்கு பாக்கெட்டுக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் திரும்பி லாரியில் ஏறும்.

"மூணு வாரமா இப்படித்தான்," என்றார். குரலில் சுரத்தே இல்லை. "மொதல்ல வீட்டு டீல. குடிச்சு முடிக்கிறப்ப கடைசியா லேசா ஒரு சோப்பு. அப்புறம் ஆபீஸ் டீலயும் அதே. பக்கத்து மேஜைக்காரர் அதே கோப்பையில குடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லையேங்கறார். டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, நாக்கு நாக்காத்தான் இருக்குங்கறார்."

"நானும் அவர் கப்ல குடிச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் மனைவி.

"நீ பாயசத்துல உப்பைப் போட்டாலே ரெண்டாவது டம்ளர்லதான் கண்டுபிடிப்பே," என்றார் அவர். அந்த நிலையிலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை போலும். பிறகு குரல் இறங்கியது. "போன வாரம் நாப்பது பெட்டி சரக்கு. எல்லாரும் பிரமாதம்னாங்க. எனக்குச் சோப்பு அடிச்சுது. வேண்டாம்னு தள்ளிட்டேன். எங்க மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... பரிதாபப்பட்டார் மேடம். இருபத்தஞ்சு வருஷத்துல என்னைத் திட்டியிருக்காங்க, சண்டை போட்டிருக்காங்க. பரிதாபப்பட்டதில்ல."

சட்டைப் பையிலிருந்த கவரைத் தொட்டுக் காட்டினார். ராஜினாமா. நாலு மணிக்குக் கம்பெனி டிரைவர் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

"சரி, தம்பி எதுக்கு வீட்டை விட்டுப் போகணும்?" என்றார் சல்லடை மேடம்.

கூடத்து மூலையில் சுவரோடு ஒட்டி நின்ற இளவட்டம் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்காரம்மாவின் தம்பி. மருந்து கம்பெனிக்கு விற்பனைக்குச் சுற்றியவன், இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். அவன் அறையில் மாத்திரையும் டானிக்குமாக அரை அலமாரி.

"மாமாவுக்குக் கம்பெனில இருபத்தஞ்சு வருஷ விழா எடுத்தாங்க. அதுக்கு வந்தேன், அப்படியே தங்கிட்டேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டாமேன்னு பாத்திரம் கழுவற மிஷினை நானே பார்த்துக்கறேன்னு சொன்னேன். நான் வந்த மறுநாள்லேருந்து மாமாவுக்குச் சோப்பு ருசிக்குது. அப்புறம் யார் மேல சந்தேகம் வரும்?"

"நான் உன் பேரைச் சொன்னேனா மாப்ள?" என்றார் மாமா.

"சொல்லல. ஆனா மூணு நாளா என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கல."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குண்டூசிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் மேடம். "தண்ணி குடிச்சா சோப்பு தெரியுதா?"

"பாட்டில் தண்ணி நல்லாத்தான் இருக்கு."

"வெளியில கடை டீ?"

"கடை டீயா? நானா?" ருசி பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாராயக் கடைக்குப் போனீர்களா என்று கேட்டது போலச் சிலிர்த்துக்கொண்டார்.

மேடம் தலையாட்டினார். "குண்டூசி, சமையலறைக்கு வா. உனக்குப் பழைய உத்தியோகம் காத்திருக்கு."

சமையலறையில் மேடைக்குக் கீழே வெள்ளையாக உட்கார்ந்திருந்தது டிஷ்வாஷர். குண்டூசி சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டான். வெகு நாள் கழித்துக் கிடைத்த மிஷின். உற்சாகம் தாங்கவில்லை.

"கழுவின பாத்திரத்துல சோப்பு தங்குதுன்னா நாலே காரணம்தான் மேடம். அழுக்குத் தண்ணி வெளிய போகாம நிக்கணும். இல்ல, வடிகட்டி அடைச்சிருக்கணும். இல்ல, சோப்பை அள்ளிக் கொட்டியிருக்கணும். இல்ல, தண்ணி பீய்ச்சற கை சுத்தாம நிக்கணும். ஒவ்வொருத்தரா கூண்டுல ஏத்தி விசாரிப்போம்."

முதலில் கீழ்த்தட்டை வெளியே இழுத்தான். அடியில் தண்ணீர் தேங்கவில்லை. பின்னால் போகும் குழாயைக் கையை விட்டுத் தடவினான். மடிப்பு இல்லை. பிறகு மிஷினுக்குள் அடியில் இருந்த வட்ட மூடியைத் திருகி வடிகட்டியை வெளியே எடுத்தான். ஓர் எலுமிச்சை விதை, ஒரு சட்டைப் பித்தான்.

"இதோ மேடம், உங்க சொந்தக்காரங்க," என்று அந்தச் சின்னச் சல்லடையைத் தூக்கிக் காட்டினான். "உங்களை மாதிரியே எதையும் விடறதில்ல. ஆனா அடைப்பு இல்ல, சுத்தமா இருக்கு."

"வாரம் ஒருதரம் நான்தான் கழட்டிக் கழுவறேன்," என்றான் வாசலில் நின்ற தம்பி.

"எத்தனை சோப்பு மாத்திரை போடுவீங்க?"

"ஒண்ணே ஒண்ணு. டப்பாவுல அப்படித்தான் போட்டிருக்கு."

டப்பாவில் மிச்சமிருந்ததை எண்ணிப் பார்த்தான் குண்டூசி. கணக்கு சரியாக இருந்தது. பளபளப்புக்கு ஊற்றும் திரவத்தின் அளவும் நடுவில்தான் வைக்கப்பட்டிருந்தது. கடைசியில் மிஞ்சியது கை. மிஷினுக்குள் கீழ்த்தட்டுக்கு அடியில் ஒன்று, மேல்தட்டுக்கு அடியில் ஒன்று. இரண்டும் காற்றாடி மாதிரி சுற்றிச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். அந்தக் கைகளின் ஓட்டைகளில் ஊசியை விட்டுப் பார்த்தான், அடைப்பில்லை. இரண்டு கைகளின் நுனியையும் தன் மூக்குக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினான். இரண்டு நிமிடம் கழித்துச் சட்டென்று திறந்தான். இரண்டு கைகளும் வேறு வேறு திசையில் நின்றன.

"சுத்துது. ஜம்முனு சுத்துது." குண்டூசி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "மேடம், மிஷின் நிரபராதி. கௌரவமா விடுதலை பண்ணிடலாம்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கு உறைத்தது. மிஷின் குற்றவாளி இல்லையென்றால் மிஷினைக் கையாண்டவன் குற்றவாளி. வாசலில் நின்ற தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நான் துணி எடுத்து வைக்கறேன்க்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவன் அறைக்குள் போனான். பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

குண்டூசிக்குத் தன் நாக்கையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மணி மூன்று.

சல்லடை மேடம் இதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. நேற்றுக் கழுவிய வெள்ளைக் கோப்பைகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாரோட கப்?"

"அவரோடது," என்றாள் வீட்டுக்காரம்மா. "வெள்ளைக் கோப்பைலதான் டீயோட நிறம் தெரியும்பார். அதை மட்டும்தான் மேல்தட்டுல வைப்போம். எனக்குப் பெரிய மக், மேல நுழையாது, கீழதான். தம்பி எதையும் பாட்டிலோடதான் குடிப்பான்."

"குண்டூசி, இங்க பாரு. இந்தக் கப்ல ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. மறுபக்கம் மங்கலா ஒரு படலம்."

அவன் பார்த்தான். உண்மைதான். அடுத்த கோப்பையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஒரு பக்கம் மட்டும் விஷம் வைக்கிறவன்னா அவன் மகா கஞ்சனா இருக்கணும் மேடம்."

"இல்லேன்னா ஒரு பக்கம் மட்டும் தண்ணி பட்டிருக்கணும். மேல இருக்கற கை ஒரே இடத்துல நின்னா என்னாகும்?"

"ஒரே பக்கம்தான் அடிக்கும். மறுபக்கத்துச் சோப்பு அலசாம நிக்கும். ஆனா அதான் சுத்துதே! இப்பத்தானே என் கண்ணால பார்த்தேன்?"

"காலியா இருந்தப்ப பார்த்தே," என்றார் மேடம். "யாருமில்லாத வீட்டுல சண்டை நடக்குமா?"

குண்டூசி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டான். மேல்தட்டை வெளியே இழுத்து, அடியில் இருந்த கையை விரலால் தடவினான். பிளாஸ்டிக் விளிம்பில் ஓரிடத்தில் சின்னக் காயம். நகம் பதியும் அளவுக்கு.

"மேடம்! எதுவோ வந்து மோதியிருக்கு. அதே இடத்துல, பல தடவை."

"தம்பியைக் கூப்பிடுங்க," என்றார் மேடம் வீட்டுக்காரம்மாவிடம். "தினமும் எப்படி அடுக்குவாரோ அப்படியே அடுக்கச் சொல்லுங்க. ஒரு கரண்டிகூடக் குறையக் கூடாது."

பாதி அடைத்த பெட்டியை விட்டுவிட்டுத் தம்பி வந்தான். அக்கா எடுத்துக் கொடுக்க, தட்டுகளைக் கீழே நிறுத்தினான், கோப்பைகளை மேலே கவிழ்த்தான். கரண்டிகளைக் கூடையில் போட்டான். குண்டூசி கையை விட்டு மேல் கையைச் சுழற்றினான். வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு தடங்கலும் இல்லை.

"போச்சு," என்றான் குண்டூசி. மணி மூன்று இருபத்தைந்து.

மேடம் அசரவில்லை. "தினமும் உள்ள போறது எல்லாம் இப்ப உள்ள இருக்கா?"

தம்பி யோசித்தான். "நான் வைக்கிறது எல்லாம் இருக்கு. மாமா சாமான் ஒண்ணு மட்டும் நான் தொடமாட்டேன். யாரும் தொடக்கூடாதும்பார். அவரே வந்து வைப்பார், அவரே எடுப்பார்."

"குண்டூசி, ஒரு விடுகதை. தினமும் ராத்திரி மிஷினுக்குள்ள போகும், காலையில ஆபீஸுக்குப் போகும், சாயங்காலம் வீடு திரும்பும். அது என்ன?"

"சார்தான். ஆனா அவர் மிஷினுக்குள்ள நுழையமாட்டார்."

"வா, கேட்டுடலாம்."

கூடத்தில் ருசி பார்ப்பவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. மேடம் நேராகப் போய் அவர் எதிரில் நின்றார்.

"அந்தப் பெட்டிக்குள்ள என்ன சார்?"

"கம்பெனி கொடுத்தது. லெட்டரோட சேர்த்துத் திருப்பிக் கொடுத்துடணும். இனிமே எனக்கு அதை வச்சுக்க யோக்கியதை இல்ல."

திறந்து காட்டினார். பட்டுத் துணிமேல் ஒரு வெள்ளிக் கரண்டி. குழிவான அகலத் தலை, ஒரு முழு சாண் நீளத்துக்குக் கைப்பிடி. பிடியில் இருபத்தைந்து என்று பொறித்திருந்தது. ருசி பார்க்கும் கரண்டி. இந்தத் தொழில்காரர்கள் அதைக் கொண்டுதான் கோப்பையிலிருந்து அள்ளி உறிஞ்சுவார்கள்.

"விழா அன்னைக்குக் கொடுத்தாங்களா?"

"ஆமா. அதுக்கு முன்னாடி வச்சிருந்தது ரெண்டு விரல்கடை குட்டையா இருக்கும். இது எனக்காகவே செஞ்சது. அன்னையிலிருந்து இதுலதான் எல்லா டீயும்."

"கையால கழுவமாட்டீங்களா சார்?" என்றான் குண்டூசி.

"கழுவற பஞ்சுல வெங்காய வாடை இருக்கும். இந்தக் கரண்டில அது ஏறினா அவ்வளவுதான். மிஷின்தான் சுத்தம். அதுவும் கீழ கூடையில, குழம்புக் கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் நடுவுல இதைப் போடுவேனா? மேல்தட்டுல, என் கப்புங்களோட, தனி மரியாதையா நிறுத்தி வைப்பேன்."

"எங்க, இப்ப ஒருதரம் வைங்க," என்றார் மேடம்.

எல்லோரும் சமையலறைக்கு வந்தார்கள். ருசி பார்ப்பவர் கரண்டியை இரண்டு விரலால் பிடித்து, மேல்தட்டின் கம்பிகளுக்கு நடுவே கைப்பிடியை இறக்கினார். அகலத் தலை கம்பியில் தங்கிக்கொண்டது. நீளக் கைப்பிடி தட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தது.

"இப்ப கையைச் சுத்துப்பா," என்றார் மேடம்.

குண்டூசி சுண்டிவிட்டான்.

டொக்.

கை வெள்ளிக் கைப்பிடியில் இடித்து நின்றது. பிளாஸ்டிக்கில் இருந்த காயம் சரியாகக் கைப்பிடியோடு பொருந்தியிருந்தது.

முதலில் குண்டூசிதான் வாயைத் திறந்தான். "சார், குட்டைக் கரண்டி இருந்தவரைக்கும் தொட்டதில்ல. இது ரெண்டு விரல்கடை நீளம் ஜாஸ்தி. கை நின்னுடுச்சு. உங்க கப்பும் அலசல, இந்தக் கரண்டியும் அலசல. கப்புல இருந்த சோப்பை வீட்டுல குடிச்சீங்க. கரண்டில காய்ஞ்சு ஒட்டியிருந்ததை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போய், டீயில கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு அங்க குடிச்சீங்க. உங்க பக்கத்து மேஜைக்காரர் அவர் கரண்டியால குடிச்சார், பொழச்சார்."

"நானா?" என்றார் ருசி பார்ப்பவர். "என் வாய்ல நானே சோப்பு வச்சுக்கிட்டேனா?"

"ரொம்ப மரியாதையா வச்சுக்கிட்டீங்க சார்."

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள், ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் வைத்தாள். ருசி பார்ப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அப்ப சோப்பு... நிஜமாவே இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றார் மேடம். "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியல. எனக்கும் தெரியல, இப்பக்கூட அந்தப் படலத்தை விரலால தொட்டு வாய்ல வச்சுப் பார்த்தேன். யாருக்குமே தெரியாத சோப்பு உங்க ஒருத்தர் நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. ஆனால் உடனே தலையை ஆட்டினார்.

"ஆறுதல் சொல்றீங்க. மூணு வாரமா என் நாக்கை நானே நம்பல மேடம். இந்த ஒரு டொக்கைக் கேட்டுட்டு எப்படி நம்பறது?"

"நீங்க நம்ப வேண்டாம். குடிச்சுப் பாருங்க. குண்டூசி, ஒரு கப்பைச் சுடுதண்ணில நாலு தடவை அலசி, டீ போட்டுக் கொண்டு வா."

மணி மூன்று நாற்பது. குண்டூசி அடுப்பைப் பற்ற வைத்தான். மற்றவர்கள் கூடத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள். தம்பி சமையலறையிலேயே நின்று, மாமா தன்னிடம் முன்பெல்லாம் எப்படிப் பிரியமாக இருப்பார் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் கழித்துக் கோப்பை கூடத்துக்குப் போனது.

ருசி பார்ப்பவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். சர்ர்ரென்று ஒரு உறிஞ்சல், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வாய்க்குள் சுழற்றினார். வழக்கமாகத் துப்புகிறவர், விழுங்கினார்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"சொல்லுங்க," என்றாள் மனைவி. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சோப்பு இருக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து குண்டூசியை முறைத்தார்.

"தண்ணி ரெண்டு தடவை கொதிச்சிருக்கு."

"சார்..."

"ஒருதரம் கொதிச்சு, அணைச்சு, ஆறிப்போயி, மறுபடி கொதிக்க வச்சிருக்கே. இலையை மொதல்ல கம்மியாப் போட்டு, பத்தலைன்னு கடைசில ஒரு சிட்டிகை தூவியிருக்கே. மூடி வைக்கவும் இல்ல. இதுக்குப் பேரு டீயா?"

குண்டூசி இரண்டு கையையும் தூக்கினான். "ஒத்துக்கறேன் சார், அத்தனையும் நான்தான். உங்க மச்சான் பேச்சுல மயங்கி அடுப்பை மறந்துட்டேன். எந்தத் தண்டனைன்னாலும் சரி."

"சோப்பு?" என்றாள் மனைவி மறுபடியும்.

"இல்லம்மா," என்றார் அவர். "சுத்தமா இல்ல." இன்னொரு வாய் குடித்தார். அப்படி ஒரு மோசமான டீயை யாரும் அவ்வளவு ஆசையாகக் குடித்துக் குண்டூசி பார்த்ததில்லை. கோப்பையை வைத்துவிட்டு அவர் மச்சானைப் பார்த்தார்.

"மாப்ள, பெட்டில வச்ச துணியை எடுத்து அலமாரில வை. மூணு நாளா உன்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்காததுக்கு, போய் ஒரு சொம்பு கொண்டு வா. முழுசாக் குடிக்கறேன்."

தம்பி ஓடினான்.

வாசலில் டிரைவர் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார். "சார், ஏதோ லெட்டர் தருவீங்க, வாங்கிட்டு வான்னு மேனேஜர் சொன்னார்."

ருசி பார்ப்பவர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். நாலாக மடித்து, கிழித்து, மேஜைமேல் வைத்தார்.

"லெட்டர் இல்ல, சேதிதான். குடோன்ல கிடக்கற அந்த நாப்பது பெட்டியைத் திருப்பி அனுப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. திங்கட்கிழமை காலையில ஒண்ணு விடாம மேஜைல வரிசையா வைக்கட்டும். எல்லாத்தையும் நான் மறுபடி குடிச்சுப் பார்க்கணும்."

"காரணம் கேட்டா என்ன சார் சொல்றது?"

"நல்ல சரக்கைத் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க," என்றார் அவர். "தப்பு என்னோடது. நாக்கோடது இல்ல."